ஆறு பேர் உட்கார்ந்த பலகை

1. காலை 5.20: ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர்.
2. 5.35: அம்மா மண்டபம் சாலைக்கு ஆட்டோ, எண்பது ரூபாய்.
3. 8.00: சூ யினுடன் ராஜகோபுரம் பார்க்கப் போனேன்.
4. 10.50: ஆறடி நீளப் பலகைக்கு மை பூசினோம்.
5. 11.00: அதன் மேல் ஏறி மிதிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை.

ஐந்தாவதைச் சொல்லத்தான் மற்ற நான்கும்.

சூ யின் மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண். மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் ஓவியர். வேலைக்காக நான் அங்கே இரண்டு வருடம் இருந்தபோது அவள் எனக்குப் பக்கத்து வீடு. தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்ததால், மலேசிய வழக்கப்படி முடிவில் ஒரு 'லா' சேர்த்துத் தமிழ் பேசுவாள். பன்னிரண்டு நாளாக இங்கே வாடகை அறையில் தங்கி, தன் உருவத்தையே அந்தப் பலகையில் முழு உயரத்துக்கு, பையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருப்பதாகச் செதுக்கியிருந்தாள்.

ராஜகோபுரம் பதின்மூன்று நிலை, 236 அடி. குறிப்பேட்டில் அதற்கு மேல் எழுத முடியவில்லை. அண்ணாந்து நின்றபோது அதைப் பற்றி நான் படித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. சூ யின், எத்தனை பேர் சேர்ந்து கட்டியிருப்பார்கள் என்று மட்டும் கேட்டாள்.

அவளுடைய அச்சு முறை எளிது. மை பூசிய பலகை மேல் தாள். தாள் மேல் இன்னொரு பலகை. அதில் ஏறி மிதிக்க வேண்டும். இதுவரை எல்லா அச்சையும் அவள் ஒருத்தியே மிதித்து எடுத்திருக்கிறாள். எடை 46 கிலோ. அதனால் நடுப்பகுதி எப்போதும் வெளுத்துவிடும்.

"அந்த வெளுப்பப் பாத்துத்தான் எல்லாரும் தனிமை, தனிமைன்னு பாராட்டினாங்க," என்றாள். "கூப்பிட ஆள் இல்ல லா, அவ்வளவுதான்."

இம்முறை ஆட்களைக் கூப்பிட முடிவு செய்திருந்தாள். கையில் இருந்தது இரண்டே தாள். ஒன்றில் நான்கைந்து நாள் முன்பே எடுத்த அச்சு வழக்கம்போல் வெளுத்துவிட்டது. நான் போன அன்று மாலையே அவளுக்கு விமானம். திருச்சி வெயிலில் பலகையில் பூசிய மை அரைமணி நேரத்தில் தாளில் ஒட்டாதபடி இறுகிவிடும்.

அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் பலகையை வைத்தோம். அறைக்குச் சொந்தக்காரரான வேதவல்லி மாமி, வாசலில் பூ விற்கும் செல்வி, வாட்ச்மேன் மனைவி, இரண்டாம் மாடி டீச்சர், அவர் மருமகள் என்று ஐந்து பேர் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பின்வாங்கினார்கள்.

"பேப்பர் மேல கால் வைக்கப்படாதும்மா," என்றார் மாமி. "அதுவும் உன் உருவமே இருக்கு."

பலகைதானே மேலே இருக்கிறது என்று நான் விளக்கிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார்கள், யாரும் அசையவில்லை. எனக்கே தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் உண்டு. இதை எப்படி மறந்தேன்? சூ யின் செருப்பைக் கழற்றினாள், வழக்கம்போல் தானே ஏற.

செல்விதான் தடுத்தாள். "மிதிக்கச் சொன்னா எப்படி? பலகைன்னா உக்கார்றதுக்குதானே. உக்காரச் சொல்லுங்க, உக்கார்றோம். மாமி நடுவுல உக்காரட்டும், அங்கதான் வெளுத்துப் போவுதாம்."

"ஏன், நான் அவ்ளோ கனமா?"

"கனம்னு சொன்னேனா மாமி? பெரியவங்கன்னு சொன்னேன்."

முதுகோடு முதுகு சாய்ந்து, இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். காலியான ஆறாவது இடத்தைச் செல்வி தட்டிக் காட்டினாள். "வாம்மா. உம் படம், நீ நின்னுக்கிட்டு இருந்தா எப்படி?"

சூ யின் உட்கார்ந்தாள். நான் கடிகாரம் பார்த்தேன்: பத்து நிமிடம். எந்த ஊர் என்று அவளைக் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்காது. பிறந்த ஊரிலேயே அவளைக் கேட்பார்கள். ஆனால் பதில் சொல்வதற்குள் டீச்சர் வாட்ச்மேன் மனைவியையும் அதையே கேட்டார். உப்பிலியபுரம் என்றாள் அவள். சூ யின் ஈப்போ என்றாள். அங்கே மழை உண்டா என்று மாமி கேட்டார்.

தாளைத் தூக்கினோம். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. எடை சீராகப் பரவும் என்று நான் போட்ட கணக்கு தப்பு: பலகை வளைந்து, உட்கார்ந்த ஆறு இடமும் கூடுதல் அழுத்தமாகத் தெரிந்தது. அதில் ஒன்று மட்டும் லேசாக இருந்தது. தன்னுடையது அது என்று சூ யின் தொடாமல் விரலால் காட்டினாள்.

தாளில் ஏறிய மை முழுதாகக் காய நான்கு நாள் வேண்டும். வெளுத்த அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு அன்று மாலை அவள் புறப்பட்டாள். புது அச்சை நான் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு.

மாமி தரவில்லை. அவளே வந்து எடுத்துண்டு போகட்டும் என்கிறார். அச்சு இப்போது அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. சூ யின் ஜனவரிக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள்.