கிணற்றுத் தண்ணீர் குடித்த வேட்பாளர்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர்ச் சொம்புதான் முன்னே போகும். வந்தவர் குடித்து முடித்த பிறகுதான் என்ன சங்கதி என்று கேட்போம். சண்டைக்கு வந்தவருக்கும் இதே மரியாதைதான். சொம்பை நீட்டிவிட்டு, அவர் குடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் சண்டை போடுவோம். இந்த மரியாதையே என் கிணற்றுக்குக் குழி தோண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்க என்று விரட்டியிருப்பேன்.

சென்னிமலையிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் தோட்டம். தென்னை, கொஞ்சம் மஞ்சள் பயிர், கட்டுத்தரையில் மாடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. மேற்கே, மேட்டில், ஒரு சாயப்பட்டறை வந்தது. மழை வந்தால் போதும், தேக்கி வைத்திருந்த கழிவுநீரை எங்கள் பள்ளத்தில் திறந்துவிடுவார்கள். மழைக்கு மட்டும் ஓடும் அந்த ஓடையில் ஒரு நாள் சிவப்பு ஓடும், ஒரு நாள் நீலம் ஓடும். பிறகு அது கிணற்றுக்குள் இறங்கியது. மஞ்சள் பயிரின் இலை ஓரமெல்லாம் கருகியது. தென்னையில் குரும்பை கொட்டியது. தொட்டியில் தண்ணீர் காட்டினால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். கிணற்றை வைத்துக்கொண்டு குடிக்கிற தண்ணீரைக் கேனில் வாங்குகிற பொழப்பாகிவிட்டது.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாம் கூடி ஒரு முடிவு எடுத்தோம். ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும் ஒரே கேள்விதான்: பள்ளத்தில் கழிவு விடுகிற பட்டறையை மூடுவீர்களா, மாட்டீர்களா?

முதலில் வந்த வேட்பாளர் வேனை விட்டே இறங்கவில்லை. கழிவு மொத்தத்தையும் குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகப் போவதாக மைக்கில் சொன்னார். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் குழாய் வருவதற்குள் என் தென்னை என்ன செய்யும் என்று கேட்டேன். பாட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது வேட்பாளர் சுற்றுச்சூழல் தம் உயிர் மூச்சு என்றார். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார். கட்சி நிறச் சாயத்தில் முக்கியெடுத்த பை. முதல் தடவை துவைத்தபோதே பக்கெட் முழுக்க அவர் கட்சி ஆகிவிட்டது. நல்ல வேளை, அந்தத் தண்ணீர் எங்கள் பள்ளத்துக்குப் போகவில்லை, வாசலோடு போயிற்று.

மூன்றாமவர் எனக்குத் தம்பி முறை. அடுத்த ஊர்தான். பள்ளிக்கூட லீவில் எங்கள் தோட்டத்துக்கு வந்து அந்தக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர். அவர் வருகிறார் என்றதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. காலையில் மோட்டார் போட்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு பிடித்து, மூடி போட்டு அடுப்படி மேடையில் வைத்தேன். "அவரு குடிச்சு முகத்தச் சுளிக்கறத எல்லாரும் பாருங்க. அப்புறமேலு நாம ஒண்ணுமே பேச வேண்டியதில்ல" என்று பெண்களிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்கவே இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தம்பி வந்தார், கூடவே படம் பிடிக்கிறவர்கள். நான் கேட்பதற்கு முன்பே அவரே கையைக் கூப்பி, "அக்கா, கெணத்துத் தண்ணி ஒரு சொம்பு குடுங்க. அதக் குடிச்சுப்போட்டுத்தானுங்க பேசுவேன்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய்ச் சொம்பை எடுத்து வந்து கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தண்ணியக் காப்பாத்தறதுதானுங்க என்ற மொதல் வேலை" என்றார். பெண்கள் கை தட்டினார்கள். நான் அழுதேன். அத்தனை உப்பையும் கசப்பையும் பல்லைக் கடித்துக்கொண்டு நமக்காக விழுங்கினாரே என்று நினைத்து அழுதேன். உறவுக்காரர் வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டேன். அவர் ஜெயித்தார்.

அதன் பிறகு மழை வந்தது. பள்ளத்தில் பச்சை ஓடியது. அவருக்கு ஃபோன் போட்டால் உதவியாளர்தான் எடுப்பார். "சொல்லிப்போடறனுங்க" என்பார். எவ்வளவு மரியாதையான பதில். கோபப்படக்கூட வழியில்லாத மரியாதை.

கலெக்டர் ஆபீசில் விடாமல் மனுக் கொடுத்து, கடைசியில் ஒரு நாள் அங்கே எங்களையும் பட்டறைக்காரரையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் ஒன்றும் வாதாடவில்லை. செல்ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார். அதில் என் வீட்டு வாசல். என் கை சொம்பை நீட்டுகிறது. தம்பி அண்ணாந்து குடிக்கிறார். மீசையைத் துடைத்துச் சிரிக்கிறார். அத்தோடு வீடியோ முடிந்துவிட்டது. காப்பாத்தறேன் என்ற பேச்சைக் காணோம்.

"எம்.எல்.ஏ.வே ஒரு சொம்பு முழுக்கக் குடிச்சிருக்காருங்க. இந்த அம்மாதான் அவங்க கையால குடுத்தாங்க. கெட்டுப்போன தண்ணியா இருந்தா முகங்கூடச் சுளிக்காம எப்படிங்க குடிப்பாரு?" என்றார் பட்டறைக்காரர். நான் கொண்டுபோன பாட்டிலை யாரும் திறந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் போட்ட சத்தத்தில் மாடே கயிற்றை இழுத்தது. ஒரு மனுசன் அந்தத் தண்ணீரை முகம் சுளிக்காமல் எப்படிக் குடித்தான் என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"நாந்தான் மாத்தி வெச்சேன், அம்மிணி. கேன் தண்ணியத்தான் ஊத்தி வெச்சேன். ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு அதெ எப்படிக் குடுக்கறது? குடிச்சுப்போட்டு அவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நாம என்ன மூஞ்சியோட இருக்கறது?"

எதிரி வைத்த ஆப்பு என்றால் பிடுங்கி எறிந்துவிடலாம். இது என் அடுப்படியிலேயே, நல்ல மனதோடு வைத்த ஆப்பு. அவரைத் திட்டவும் முடியவில்லை. விருந்தாளிக்குக் கெட்ட தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதில் என்ன தப்பு இருக்கிறது? அந்த ஒரு வாரம் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

கோபம் கொஞ்சம் ஆறியதும் ஒரு யோசனை வந்தது. தம்பிக்குப் பாவம், உண்மை தெரியாது. தாம் குடித்ததுதான் கிணற்றுத் தண்ணீர் என்று நினைத்து, இது பெரிய விஷயமில்லை என்று இருந்துவிட்டார். நேரில் பார்த்துச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். இப்படித்தான் நம்பினேன். நம்புவதற்கு ஒரு வழி மிச்சம் இருந்தால் நான் விடுகிற ஆள் இல்லை.

உறவில் ஒரு கல்யாணம், பெருந்துறைப் பக்கம் ஒரு மண்டபத்தில். தம்பி வந்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையிலேயே வந்து உட்கார்ந்தார். "அக்கா, நல்லா இருக்கறீங்களா? மாமா வரலீங்களா?" என்று வாஞ்சையாகத்தான் கேட்டார். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"தம்பி, அன்னைக்கு நீங்க குடிச்சது கெணத்துத் தண்ணி இல்லீங்க. மாமா கேன் தண்ணிய மாத்தி வெச்சுப்போட்டாரு. எனக்கே இப்பத்தான் தெரியும். நீங்க அத ஒரு வார்த்தை வெளிய சொல்லிருங்க, போதும். எங்க கெணறு பொழச்சுக்கும்."

அவர் திடுக்கிடவில்லை. இலையில் இருந்த ஜிலேபியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"தெரியுமுங்கக்கா. நம்ம சனம் ஊட்டுக்கு வந்தவனுக்கு உப்புத் தண்ணிய நீட்டிருமாக்கும்? அந்த நம்பிக்கைலதானுங்க நானே கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

சொல்லிவிட்டு, இலையோரம் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திருகி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி மரியாதையாக என்னிடம் நீட்டினார். "தண்ணி குடிங்கக்கா. சாப்புடுங்க, சோறு ஆறுது."

அந்தப் பாட்டிலை அவர் இலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் பந்தியில் ஒருவர் நீட்டிய தண்ணீரை மறுத்து எனக்குப் பழக்கமில்லை. வாங்கிக் குடித்தேன். எதிர்ப் பந்தியிலிருந்து அவருடைய ஆள் ஒருவர் ஃபோனில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் முகம் சுளிக்காமல் குடித்தது அதில் இருக்கும்.