ஹெப்பகோடிக்கு வெயில் தேடிப் போன மௌரீன்

மௌரீனின் முகம் எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவள் வீட்டுக் கொடிக்கயிறு தெரியும். எந்தத் துணி காய்ந்தது, எது ஈரமாகவே உள்ளே வந்தது, அவள் கணவர் ரெமிஜியஸின் எந்தச் சட்டையில் மீன்குழம்புக் கறை போகமாட்டேன் என்கிறது என்பதெல்லாம் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜோகுபாளையத்தில் உள்ள என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அன்றாடம் வந்து சேர்ந்துவிடும்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் பெங்களூரில் குரோஷா பின்னுகிற தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. மல்லேஸ்வரத்து அலர்மேல்மங்கை அதன் தலைவி. பின்னலைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அதை நாங்கள் மீறியதே இல்லை. முதலில் வானம் எப்படி இருக்கிறது என்று எழுதுவோம். அப்புறம் சமையல், பாத்திரம், துணி துவைத்தது, தண்ணீர் வராதது. கடைசியில் 'நேற்று இரண்டு வரிசை பின்னினேன்' என்று சட்டத்துக்குக் கட்டுப்பட்டு முடிப்போம். மங்கையின் மடல்களில் அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிற கதைதான் அதிகம். அந்தத் தொட்டி ஒழுகிய தண்ணீரை ஒன்று சேர்த்திருந்தால் காவிரித் தகராறே வந்திருக்காது.

மௌரீன் சர்ச் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவள். மகள் லீனா துபாயில். அம்மா தனக்குக் கடிதம் எழுதட்டும் என்று லீனா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் மௌரீன் எங்களுக்கு எழுதினாள். அவள் இணையத்தில் இருக்கும்வரை வீட்டு டெலிபோன் வேலை செய்யாது. கோலார் தங்கவயலில் இருக்கும் தன் அக்கா எப்போது கூப்பிட்டாலும் லைன் கிடைக்கவில்லை என்று ரெமிஜியஸுக்கு மனத்தாங்கல். அந்த அக்காவின் குரலைக் கேட்கிற துன்பத்திலிருந்து தன்னைக் காப்பாற்றியதே குரோஷாதான் என்பாள் மௌரீன்.

நல்ல மனுஷி. கைவேலையும் சுத்தம். ஒரே ஒரு குறை, ஆரம்பித்த எதையும் முடிக்கமாட்டாள். ரெமிஜியஸுக்குப் பின்னிய ஸ்வெட்டருக்கு ஒரு கைதான். சர்ச் பீடத்துக்கு ஆரம்பித்த விரிப்பில் திராட்சைக் கொடி பாதி வழியில் பட்டுப்போயிருந்தது. அவளுடைய கல்யாணப் பூசையில்கூட ஃபாதர் கடைசி ஆசீர்வாதம் சொல்வதற்குள் எழுந்து நடந்துவிட்டாளாம். ரெமிஜியஸ் ஓடிப்போய்க் கூட்டிவந்ததாக ஒரு பேச்சு உண்டு. அவர் கூட்டிவந்தாரா, அவரும் கூடவே போனாரா என்பதில் இரண்டு கருத்து இருக்கிறது.

இப்படிப்பட்டவள்தான் சிந்துவின் போர்வைக்கு முதலில் கை தூக்கினாள்.

சிந்து எங்கள் குழுவிலேயே சின்னவள். ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். கணவன் கிஷோருக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, குடியிருப்பு ஹெப்பகோடியில். பிள்ளை உண்டாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. பயணம் வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டதால் வளைகாப்பை அங்கேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தாள். மௌரீனும் நானும் மட்டும்தான் அதுவரை நேரில் பார்த்துப் பழகியவர்கள். மற்றவர்கள் முகம் பார்க்கப் போவது அன்றைக்குத்தான். ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னி அனுப்புவது, மௌரீன் அவற்றை இணைத்துக் குழந்தைப் போர்வையாக்குவது, சிந்துவுக்கு மூச்சுக் காட்டக்கூடாது என்று அவளை விட்டுவிட்டு எங்களுக்குள் ஏற்பாடு.

அப்போது மங்கை எனக்கு மட்டும் ஒரு மடல் எழுதினாள். 'மௌரீனிடம் கொடுத்தால் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும்போதுதான் போர்வை வரும்.' எனக்கு மட்டும் என்று நினைத்து அவள் அழுத்திய பொத்தான், சிந்துவைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதை அனுப்பிவிட்டது. மௌரீனுக்கும்தான்.

அன்று சாயங்காலமே மௌரீன் என் வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடவில்லை. "சீதாக்கா, மங்கை சொன்னது பொய்யில்ல. அதான் வலிக்குது. இத மட்டும் நான் முடிச்சே ஆகணும்," என்றாள்.

சதுரங்கள் தபாலில் வந்தன. ஒன்றில் பாச்சை உருண்டை வாசம், ஒன்றில் ரசப்பொடி வாசம். ஒரே மாதிரி, ஒரே நூல், ஆனால் பின்னிய கைகள் வேறு. மங்கை நூலை இழுத்த இழுப்பில் அவளுடையது பிஸ்கட் அளவு. நான் பின்னினது தோசை அளவு. இதைச் சரிப்படுத்த ஒரே வழி, எல்லாவற்றையும் அலசி, தெர்மோகோல் பலகையில் ஒரே அளவுக்கு இழுத்து, குண்டூசி குத்திக் காயவைப்பது. காய்ந்தபின் எடுத்தால் சொன்ன அளவில் நிற்கும். மௌரீன் வளைகாப்பு வாரத்துப் புதன்கிழமை குத்தி வைத்தாள்.

புதன்கிழமையே தூறல் பிடித்துக்கொண்டது. அந்த ஆவணியில் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த ஈரத்தை எழுதினால் காகிதம் நனையும். சர்ச் மணிக்கே ஜலதோஷம் பிடித்து, மூக்கடைத்த மாதிரி ஒலித்தது. மௌரீன் வீட்டு உப்புஜாடியில் தவளை ஒன்று குடிவந்து, வாடகை எவ்வளவு என்று கேட்டதாகவும் கேள்வி. பருத்தி நூல் காய்வதாயில்லை. மின்விசிறியடியில் வைத்தால் கரண்ட் போகும். இஸ்திரி போடலாமே என்றார் ரெமிஜியஸ். சதுரத்தின் நடுவில் எழும்பி நிற்கிற பூ அப்பளமாகிவிடும் என்று அவரை வெளியே அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலை ஒரு குண்டூசியைப் பிடுங்கிப் பார்த்தபோது, அதன் கழுத்தில் துரு எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு நாள் ஈரத்தில் இருந்தால் வெள்ளை நூலில் செம்புள்ளி விழும். விழுந்தால் போகாது.

அந்த நேரத்தில்தான் குழுவுக்குச் சிந்துவின் மடல் வந்தது. 'ஹெப்பகோடியில் வெயில் பல்லைக் காட்டுகிறது. பெட்ஷீட் எல்லாம் துவைத்துப் போட்டாயிற்று. மதியம் கீரைக் கடைசல். பின்னல்: தலைவலி, எதுவும் இல்லை.'

மௌரீன் எனக்கு டெலிபோன் செய்தாள். குடை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வெயிலுக்குப் போறோம்க்கா, குடை எதுக்கு?" என்றாள்.

சிவாஜிநகரில் ஏறி மார்க்கெட்டில் மாறினோம். பலகைகளைப் பழைய புடவையில் சுற்றி நெட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தோம். கண்டக்டர் சுற்றிச் சுற்றி வந்து, "ஏனம்மா இது, மனே பாகிலா?" என்று கேட்டார். வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறோமா என்று அவருக்குச் சந்தேகம். ஆகாய விமானத்தின் இறக்கை, எலக்ட்ரானிக் சிட்டியில் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறோம் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் இறக்கைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். எங்களுக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர், இவ்வளவு லேசாகவா இருக்கும் என்று தொட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் விமானத்தில் ஏறுவதில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சில்க் போர்டு தாண்டியதும் மேகம் கிழிந்தது. பொம்மனஹள்ளியில் என் கண் கூசியது. மௌரீன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சிந்துவின் முகவரி எங்களிடம் உண்டு. ஆறாவது கிராஸ். அந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று கெட்டிக்காரத்தனமாக ஏழாவது கிராஸில் நுழைந்தோம். முதலில் கண்ணில் பட்ட மாடிவீட்டில் கதவைத் தட்டினோம். வீட்டுக்காரி சின்னத்தாயி, கிருஷ்ணகிரிக்காரி. விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"துணிய காயப்போட பஸ் புடிச்சு வந்தவங்கள இப்பத்தான் பாக்கறேன். ஏறிப் போங்க, வெயிலுக்கு நான் என்ன பூட்டா போட்டிருக்கேன்," என்றாள்.

மாடியில் பலகைகளைப் பரப்பி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தோம். பின்பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தண்டை இன்னொரு வீட்டு மாடி. அங்கே வரிசையாகப் பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. படித்தவர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்தோம். பெட்ஷீட் என்று மட்டும் நினைத்தோம். ஏழாவது கிராஸ் வீட்டின் முதுகும் ஆறாவது கிராஸ் வீட்டின் முதுகும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது இந்த ஊரில் வளர்ந்த மௌரீனுக்கும் தோன்றவில்லை.

சின்னத்தாயி விடவில்லை. ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். ஈர ஊரிலிருந்து வந்த உடம்பு, வெயிலும் களியும் சேர்ந்து கண்ணைச் சொருகிவிட்டன. அங்கேயே பாயில் சாய்ந்தோம். இடி சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

மாடிக்கு ஓடினோம். பெருந்துளிகள் விழுந்துகொண்டிருந்தன. செங்கல்கள் இருந்தன. பலகை ஒன்றுகூட இல்லை. காற்று தூக்கிப்போய் ஓசூர்ப் பக்கம் பர்மிட் இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கும் என்றேன். மௌரீன் சிரிக்கவில்லை. செங்கல் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது பின்சுவருக்கு அப்பால், படிக்கட்டு அறை வாசலிலிருந்து குரல் வந்தது. "ஆன்ட்டி, தூறல் போட்டுச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் வரல. நானே எட்டி எடுத்து இங்க வச்சிட்டேன். ஒண்ணும் நனையல."

வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கையில் எங்கள் பலகை. மழை வந்தால் பக்கத்து வீட்டுத் துணியையும் சேர்த்து எடுத்துவைக்கிற வழக்கம் ஹெப்பகோடியிலும் இருக்கிறது.

மௌரீனுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில், அந்த வயிறும் பெட்ஷீட்டும் யாருடையது என்று உறைத்து, அநாதை இல்லத்துக் குழந்தைகளுக்கு, சர்ச்சிலிருந்து, என்று என்னென்னவோ சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சதுரத்தை விரலால் தடவினாள்.

"நூல இந்த இழு இழுக்கறது மங்கை அக்கா ஒருத்திதான். போன வருஷம் எனக்கு அனுப்பின டீ கோஸ்டர் இன்னும் நிமிரவேயில்ல. இந்த லூசு சீதா அக்காவோடது. அப்ப சர்ச்சுன்னு சொல்ற நீங்க மௌரீன் ஆன்ட்டி."

'லூசு' என்றது என் பின்னலைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மௌரீனின் முகம் விழுந்துவிட்டது. "போச்சுக்கா. ரகசியமும் போச்சு. நாளன்னிக்கு ஃபங்ஷன், இன்னும் ஒரு சதுரம் இணைக்கல. மங்கைகிட்ட நானே சொல்லிடறேன். விட்டுடலாம்," என்று கைப்பையை எடுத்தாள். அந்தக் கைப்பையை எடுக்கிற விதம் எனக்குப் பழக்கம். ஸ்வெட்டரும் விரிப்பும் அப்படித்தான் டிரங்குப் பெட்டிக்குள் போயிருக்கும்.

சிந்துவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவளுக்குக் குழுவில் வருகிற மடல்களில் எல்லோருடைய கொடிக்கயிறும் தெரியுமே.

"என்ன ஆன்ட்டி விட்டுடறது? என் புள்ள எதப் போத்திக்கும்? உள்ள வாங்க. எங்கிட்டயும் ஊசி இருக்கு. நீங்க அந்தக் கடைசிலேர்ந்து வாங்க, நான் இந்தக் கடைசிலேர்ந்து வரேன். எனக்குத் தெரியும்னு நான் யாருக்கும் சொல்லப்போறதில்ல."

"உனக்கான பிரசன்ட்ட நீயே தைப்பியா?"

"எனக்கு எங்க? உள்ள இருக்கறவனுக்கு. அவனுக்கு இன்னும் மெயில் ஐடி கிடையாது."

மௌரீன் கைப்பையைக் கீழே வைத்தாள்.

சிந்துவின் வீட்டுத் தரையில் சதுரங்களைப் பரப்பினோம். வெயில் தன் வேலையை முடித்திருந்தது. குண்டூசிகளைப் பிடுங்கினால் எல்லாம் ஒரே அளவில் மொடமொடவென்று நின்றன. என் தையல் தொளதொள என்பதால் நூல் வெட்டித் தருகிற வேலையோடு என்னை நிறுத்திவிட்டார்கள். வெளியே ஹெப்பகோடி கொட்டித் தீர்த்தது. நடுநடுவே மௌரீனின் கை தயங்கும். டீ போடட்டுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று எழுந்திருக்கப் பார்ப்பாள். சிந்து நிமிராமலே, "நான் உங்கள முந்திட்டேன் ஆன்ட்டி," என்பாள். மௌரீன் மறுபடி உட்காருவாள்.

கிஷோர் ஆபீஸிலிருந்து நனைந்து வந்தபோது, சின்னத்தாயி வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என்று சிந்து எங்களை அறிமுகம் செய்தாள். அவன் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் துண்டைத் தேடப் போனான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கேள்வி கேட்காமல் இருக்கப் பழகியிருந்தான், நல்ல பையன்.

இரண்டு பேரும் நடுவில் வந்து சந்தித்தார்கள். சிந்து தன் ஊசியை இறக்கினாள். கடைசி முடிச்சு பாக்கி. மௌரீன் நூலைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். நான் கத்தரிக்கோலை நீட்டினேன். முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து, வெட்டினாள். அப்புறம் யாரைப் பார்த்தும் இல்லாமல், "ஆயிடுச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சிந்து நடித்தாளே, அதை நாடகக்காரர்கள் பார்த்திருந்தால் தொழிலை விட்டிருப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் நெஞ்சில் கை வைத்தாள், கண்ணைத் துடைத்தாள், யார் யார் பின்னியது என்று ஒவ்வொருவராகக் கேட்டு வியந்தாள். என்னிடம் மட்டும் பேரைக் கேட்டுவிட்டு, நீங்கள்தானா அது என்றாள்.

அலர்மேல்மங்கை போர்வையை மடியில் போட்டுத் தையலைத் தடவித் தடவிப் பார்த்தாள். முடிந்திருக்கிறது என்பதை விரலுக்கு நம்ப முடியவில்லை போலும். பாதியில் விரல் நின்றது.

"இந்தப் பாதி ஒரு கை, அந்தப் பாதி வேற கை மாதிரி இருக்கே மௌரீன்?"

மௌரீன் கேசரியை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "ஆமா மங்கை. வலது கை வலிச்சப்ப இடது கையால தச்சேன். நீங்க வேற குழந்த ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள வேணும்னு எழுதியிருந்தீங்களே, அவசரம்."

மங்கையின் காது சிவந்தது. சிந்து புது வளையல்கள் குலுங்கக் குனிந்து, போர்வையை முகர்ந்து பார்ப்பதுபோல முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பெண்களெல்லாம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.