கீழாநெல்லியும் நார்த்தங்காய்த் துண்டும்

மாமா எங்கள் இலஞ்சி வீட்டுக்கு வந்து படுத்தது, ஆனி பிறந்து சாரல் பிடித்த வாரம். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். கண்ணும் நகமும் மஞ்சளாக, தன் மனைவி, எங்கள் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

காமாலை என்றால் அம்மாவுக்குக் கீழாநெல்லிதான். வாய்க்கால் ஓரத்தில் முளைத்ததையெல்லாம் வேரோடு பெயர்த்து, பழைய பெயிண்ட் வாளிகளில் நட்டுக் கிணற்றடியில் வைத்தாள். விடியுமுன், யாரோடும் பேசாமல் பறிக்க வேண்டும். வாய் தவறிப் பேசிவிட்டால் பறித்ததை எறிந்துவிட்டு வேறொன்றைப் பிடுங்குவாள். மிஞ்சியதை நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்துப் புட்டியில் அடைத்தாள். சாரல் நின்ற பிறகும் தம்பிக்கு வேண்டுமே. அம்மியில் அரைத்து மோரில் கலக்குவது அத்தையின் வேலை. பத்தியம் கடுமையானது; உப்பு ஒரு கல்கூடக் கூடாது.

ஆடியில் மாமாவின் வயிறு வீங்கியது. அப்பாவும் அத்தையும் அவரைத் தென்காசிக்கு அழைத்துப்போய் மாலையே திரும்பினார்கள்.

“டாக்டரு என்ன சொன்னாரு?” அம்மா வாசலிலேயே மறித்தாள்.

அப்பா செருப்பைக் கழற்றியபடி, “வீட்டுல வச்சே பாத்துக்கிடச் சொல்லிட்டாரு” என்றார்.

“பாத்தீயளா! ஆஸ்பத்திரிக்காரனே நம்ம செடிக்கு வழி விட்டுட்டான்.”

அம்மாவின் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அந்த ஆண்டு பார்க்கவில்லை. அத்தை கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினாள்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். அக்கா ஆடிப்பூரம் என்பாள், அது தவறு. அமாவாசைச் சமையலுக்கு வாழையிலை வாங்க அம்மா கடைக்குப் போயிருந்தாள். மாமா கட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

“ஏட்டி, உப்பு நார்த்தங்கா ஒரு துண்டு தாயேன். தழையாக் குடிச்சு ஆடாவே மாறிட்டேன். ஏலே மருமவனே, நாளைக்கு நான் ‘மே’ன்னு கத்துதேன், கசாப்புக்கடைக்குப் பிடிச்சுக் குடுத்துராதடே!”

அத்தை மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜாடியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் கண்ணை மூடிச் சப்பினார். மறுநாளும் கொடுத்தாள்.

ஆவணி பிறப்பதற்குள் மாமா இறந்துவிட்டார். கட்டிலைக் கழுவ நகர்த்தியபோது அடியில் நார்த்தை விதைகள் கிடந்தன. அம்மா அவற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“உப்பக் குடுத்தியாட்டி? தேறிக்கிட்டுல்லா இருந்தான்! எந் தம்பிய நீதான் கொன்ன.”

“கேட்டாவ மதினி, குடுத்தேன்” என்றாள் அத்தை. அப்பா தூணருகே நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தையின் அண்ணன் புளியறையிலிருந்து வேன் கொண்டுவந்தார். அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். “மதினிய பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அத்தை ஏறினாள். பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

ஈரல் முழுதும் கெட்டுவிட்டது, இனி ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றுதான் தென்காசி டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா தாங்கமாட்டாள் என்று அவளிடம் மறைக்க, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அப்பாவும் அத்தையும் பேசிவைத்துக்கொண்டார்களாம். அம்மாவும் இறந்த பிறகுதான் அப்பா இதை எனக்குச் சொன்னார்.

அன்று வேன் கிளம்பும்போது அத்தை சன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அப்பா தலை குனிந்து நின்றிருந்தார். அவருக்கும் அவள்மேல் கோபம் என்று நினைத்து, நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.