ஒரே மாதிரித் தப்பு

சாலையில் நடக்கும்போதும் கணக்கம்மா அண்ணாந்துதான் நடப்பார். அடிமரத்தை ஒரு பார்வை, கிளை நுனியை ஒரு பார்வை. "ஏழு மீட்டர் இருக்கும்" என்று முணுமுணுப்பார். விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டால் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே நடப்பார்.

கணக்கம்மா என்பது வன ஆய்வகம் வைத்த பெயர். அங்கே புள்ளியியல் அவர் பொறுப்பு. அடிமரத்தின் சுற்றளவைக் கொடுத்தால் கிளைகள் எவ்வளவு அகலம் விரிந்திருக்கும் என்று சொல்லும் சமன்பாடு அவர் கைவேலை. மரங்களுக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். அதற்கான அளவுகளில் பாதி, அதே ஆய்வகத்தில் இருந்த அவர் கணவர் காடுகாடாக அலைந்து எடுத்தவை. போன மழைக்காலத்தில் கணவர் இறந்துபோனார்.

பிறகு சில மரங்களை மறுபடி அளந்தபோது குட்டு வெளிப்பட்டது. மற்றவர்கள் கிளைகளின் பொதுவான ஓரத்தில் அளவு நாடாவை நிறுத்த, கணவர் மட்டும் மிக நீண்ட கிளையின் நுனிவரை ஓடியிருக்கிறார். அவர் எடுத்த எல்லா அளவும் கூடுதல். மொத்தத்தையும் தள்ளிவிடலாம் என்றார் இயக்குநர்.

அன்றிரவு வீட்டில், இதைக் கேட்ட மகன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கப்பா தப்பாத்தான்டா அளந்தாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித் தப்பு. அதைக் கழிச்சுடலாம். சாப்புடு."

மறுநாள் கணக்கம்மா சமன்பாட்டில் 'அளந்தவர்' என்று ஓர் உறுப்பைச் சேர்த்தார். கணவரின் மிகையெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

இயக்குநர் சிரித்தார். "புருஷன்னு விட்டுக்குடுக்குறீங்களாம்மா?"

"வீட்லயே ஒரு நாளும் விட்டுக்குடுத்ததில்ல சார்."

யாரும் அளக்காத ஒரு மலைச்சரிவில் சோதனை. கணவரின் அளவுகளோடு ஒரு சமன்பாடு, அவை இல்லாமல் இயக்குநரின் சமன்பாடு. கணக்கம்மா தோற்றால் அந்த அளவுகள் குப்பைக்கு.

இளமரங்களில் இரண்டும் தோளோடு தோள் நின்றன. முதிர்ந்த மரங்களிடம் வந்ததும் இயக்குநருடையது தடுமாறியது. செங்குத்துச் சரிவுகளில் ஏறிப் பெருமரங்களை அளந்தவர் கணவர் ஒருவர்தான். அவரைத் தள்ளிவிட்டால் சமன்பாட்டுக்குப் பெரிய மரம் என்றால் என்னவென்றே தெரியாது.

கடைசி மரம் இருப்பதிலேயே பெரியது. மகன் ஓர் ஓரத்தில் நாடாவைப் பிடிக்க, மறு ஓரத்தில் இயக்குநரே எண்ணைப் படித்தார். அவர் கணக்கு இரண்டு மீட்டர் பிசகியிருந்தது. கணக்கம்மாவின் கணக்கு, ஒரு சாண். இயக்குநர் இன்னொரு முறை குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரிம்மா. அவரு அளந்தது அத்தனையும் இருக்கட்டும்."

கணக்கம்மா மரத்தருகே போனார். ஜெயித்து வந்தவன் முதுகில் தட்டுவதுபோல, பட்டை உதிர, உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.