வெர்ன் விட்டுப்போன ரேடியேட்டர்

எல்டன் க்ரேசா ஒரு தும்மல் போட்டால் போதும், நெப்ராஸ்கா முழுக்க நின்றுபோன டிராக்டர்கள் தானாகக் கிளம்பி வயலுக்குப் போய்விடும். அப்பேர்ப்பட்ட மெக்கானிக்குக்குத் தன் சொந்த 1951 மாடல் ஹட்சன் காருக்கு ஒரு ரேடியேட்டர் கிடைக்கவில்லை.

இருந்தது, ஒன்றே ஒன்று. ஊர்க்கோடியில் இருந்த பழைய வண்டிக் கிடங்கில், அவர் தம்பி வெர்னின் ஹட்சனில். சில வருஷங்களுக்கு முன் ஒரு பனிப்புயலன்று வெர்ன் போன் பண்ணி, தன் காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, வந்து கூட்டிப்போகச் சொன்னான். "புயல் நிக்கட்டும்டா," என்று எல்டன் போனை வைத்துவிட்டார். வெர்ன் காத்திருக்காமல் தானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, வழியில் அந்தக் காருக்குள்ளேயே விறைத்துச் செத்தான்.

அதனால் எல்டன் ஒவ்வொரு முறையும் கிடங்குவரை வந்து, காரைத் தொடாமலே திரும்பிவிடுவார். இன்று ஸ்பேனரோடு கிட்டே போய் பானெட்டைத் தட்டினார். பாம்போ பூனையோ இருந்தால் ஓடட்டும் என்று அங்கே எல்லாரும் தட்டுவதுதான்.

காருக்குள்ளிருந்து திருப்பித் தட்டும் சத்தம் கேட்டது.

எல்டன் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"எல்டன், எடுத்துக்கோ," என்றது ஒரு கரகரத்த குரல். "உன் மேல எனக்குக் கோபமே இல்ல."

காற்றில் தகரங்கள் முனகின. எல்டன் பானெட்டைத் திறந்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார்.

"ட்ரூடி, வெளிய வா. வெர்ன் வாயில என் பேரே வராது. மொட்டைன்னுதான் கூப்பிடுவான்."

வண்டிகளுக்குள் ஒளிந்து ஆட்களை அலறவைப்பதையே வேலையாக வைத்திருந்த கிடங்குக்காரர் மகள் ட்ரூடி, பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"சும்மா விளையாட்டுக்கு, மிஸ்டர் க்ரேசா..."

எல்டன் நிமிரவில்லை.

"சரி. மொட்டைன்னு சேர்த்து இன்னொரு தடவை சொல்லு."