ஒரேஞ் நதியும் கீரிமலைக் கேணியும்

வெள்ளி மாலை நான்கு மணிக்கு டூட்டிங் வீட்டிலிருந்து ஹீத்ரோவுக்குப் புறப்பட்டோம், நானும் மகள் ஆரணியும். எனக்கு எழுபத்தொரு வயது. அவள் பல் வைத்தியர்; துடுப்புப் படகென்றால் பைத்தியம். முழங்கால் வலியால் மனைவி வரவில்லை. கேப் டவுனுக்குப் பதினொன்றரை மணி நேரம் பறந்து, அங்கிருந்து வடக்கே எழுநூறு கிலோமீற்றர் வாகனத்தில் போனால் ஒரேஞ் நதி. இக்கரை தென்னாபிரிக்கா, அக்கரை நமீபியா. இருபக்கமும் புல் முளைக்காத கரிய மலைகள். ஆற்றோரம் மட்டும் ஒரு கோடு பச்சை. இந்தப் பாலைக்குள் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

படகுப் பயண முகாமில் தந்த படிவத்தில் நீந்தத் தெரியுமா என்றொரு கேள்வி. தெரியும் என்று எழுதினேன். தெரியாது. நாற்பது வருடமாக வீட்டில் சொல்லி வந்த பொய் அது. ஊருக்குப் போகும்போதெல்லாம் கீரிமலைக்குப் போவோம். அங்கே கடலோரத்தில் ஆண்கள் குளிக்க ஒரு கேணி. பெண்களுக்குச் சுவருக்குப் பின்னால் வேறொன்று. நான் படியில் இருந்தபடியே தலையை நனைத்துக்கொண்டு வந்து, இரண்டு தரம் குறுக்கே நீந்தினேன் என்பேன். இந்த வரியை வாசிக்கும்போதுதான் மனைவிக்கே தெரியவரும்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி. பாறைகளுக்கு நடுவே ஆறு இருநூறு மீற்றர் தூரம் நுரையாகச் சரிகிற இடம். நீந்தத் தெரியாதவர்கள் இறங்கிக் கரையால் நடக்கலாம், அதில் வெட்கமில்லை என்றார் வழிகாட்டி யோஹன். இரண்டு பேர் இறங்கினார்கள். படகில் எனக்குப் பின்னால் இருந்த ஆரணி கேட்டாள்:

"அப்பா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஏலுமா?"

"கீரிமலையிலை நீந்தினவனுக்கு இதென்ன, பிள்ளை."

பாதித் தூரத்தில் இடதுபக்கம் துடுப்புப் போடும்படி முன்படகிலிருந்து யோஹன் கத்தினார். எது இடது என்று குழம்பிப்போனேன். படகு பாறையில் குறுக்காக மோதிக் கவிழ்ந்தது. மிதவை அங்கி போட்டிருந்தும், மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மண்நிறம். மல்லாந்து, காலை முன்னே நீட்டி மிதந்து போகச் சொல்லியிருந்தார்கள். ஆரணி அப்படித்தான் போனாள். என் அலறலைக் கேட்டு ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வலக்கையை நீட்டினாள். அந்தக் கையில் என் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டேன். தோள்மூட்டு கழன்றது. அவள் கையை விடவில்லை.

கரையில் யோஹன் அவள் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். அவள் என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நீந்தத் தெரியாது, என்னப்பா?"

நான் எதிர்க்கரையைப் பார்த்தேன். அது எந்த நாடு என்று மறந்துபோயிருந்தது.

வியாழன் மதியம் டூட்டிங்கில் சாப்பாடு. ஆரணி இடக்கையில் கரண்டி பிடித்துச் சோறு தின்றாள். ஆறு கிழமைக்கு அவள் யாருடைய பல்லையும் தொட முடியாது. என்ன நடந்தது என்று மனைவி கேட்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன். ஆரணி முந்திக்கொண்டாள்.

"படகு பிரண்டிட்டுது அம்மா. அப்பாதான் நீந்தி வந்து என்னைப் பிடிச்சவர்."

அது இரக்கமா, தண்டனையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"கீரிமலைத் தண்ணி வீண்போகேல்லை" என்று சொல்லி, மனைவி சட்டியிலிருந்த பெரிய மீன்துண்டை என் தட்டில் வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன்.