பிழையான அட்டை உள்ளே போகாது

என் மேசை லாச்சியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. வங்கி அட்டையின் நீள அகலம், தடிப்பு மட்டும் கூட. அதற்குள் ஒன்றுமே இல்லை. பழைய மடிக்கணினிகளின் பக்கவாட்டில், மேலதிக வசதிகளுக்கான அட்டைகளைச் செருகுவதற்கென்று ஒரு துவாரம் இருந்தது. செருக அட்டை இல்லாத நேரங்களில் தூசி போகாமல் அடைத்து வைக்கக் கணினியோடு சேர்த்துத் தந்த வெற்று அட்டை இது. இப்போது நான் வேலை செய்கிற மடிக்கணினி சாப்பாட்டுத் தட்டைவிட மெல்லியது, அதில் அப்படியொரு துவாரம் கிடையாது. கந்தோர் மூன்று தடவை இடம் மாறியும் இந்தத் துண்டை நான் எறியவில்லை. இதை என் கையில் தந்தவரை, முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடும் முறையில், நான் ராத்தா என்று கூப்பிட்டேன். என் ஆயுளில் வேறு யார்மீதும் நான் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

போர் முடிந்து, தொண்ணூறில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் திட்டமொன்றில், மன்னார் நகரக் கந்தோரில் நான் தரவு உத்தியோகத்தர். ஐந்து வருடமாக அங்கே கணினி என்றால் நான்தான். அச்சுப்பொறி தாளை விழுங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் ஜாம்போத்தல் விளக்கில் படித்து, இருபத்தாறு வயதில் முதன்முதலாகக் கணினியைத் தொட்டவள் நான். அந்த மதிப்பு எனக்குச் சும்மா வரவில்லை. அப்போதுதான் ராத்தா வந்து சேர்ந்தார். பக்கத்து எருக்கலம்பிட்டியில் பிறந்து, பதினைந்து வயதில் பெற்றோரோடு புத்தளம் போய், அகதி முகாமில் இருந்தபடியே கணினி படித்து, ஒரு திருத்தும் கடையில் வேலையும் பார்த்துத் திரும்பியிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூப்பு. வந்த முதல் கிழமையே, கந்தோரிலிருந்த ஒரே மடிக்கணினியைத் திட்ட இணைப்பாளர் அவரிடம் ஒப்படைத்தார்.

களத்துக்குப் போனால், சிம் போட்ட இணைய அட்டை ஒன்றை அந்தத் துவாரத்தில் செருகி, பதிந்த குடும்ப விபரங்களைக் கிராமத்திலிருந்தே கொழும்புக்கு அனுப்பிவிடுவார். அட்டைகளின் குலம் கோத்திரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. நுனியில் முண்டு முண்டாகப் பொன்னிறத் தகடு இருந்தால் அது வேகமான, பிந்திய வகை. முந்திய வகை புதிய துவாரத்துக்குள்ளும் போகும், ஆனால் பிந்திய வகை பழைய துவாரத்துக்குள் போகவே போகாது, அதற்கென்றே ஓரத்தில் தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்துவார். “பிழையான காட் உள்ள போகாது, தங்கச்சி. செய்தவன் யோசிச்சுத்தான் செய்திருப்பான்” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. வேலை முடிந்ததும் அட்டையை வெளியே எடுத்து, துவாரத்தை ஒருதரம் ஊதி, இந்த வெற்று அட்டையைச் செருகி வைப்பார். காற்று வீசினால் சோற்றிலேயே மண் கடிபடும் ஊர் இது. அந்தக் கவனத்தையும் நான் பவுசு என்றுதான் சொல்லிக்கொண்டேன். அவருடைய சிரிப்பு, சுருக்கம் விழாமல் அவர் கட்டும் முக்காடு, கோப்பைத் திறக்காமலே குடும்ப இலக்கம் சொல்லும் ஞாபகம் என்று அவரிடமிருந்த எல்லாமே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயிலுக்குப் போய் மாதாவிடம் நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த இணைய அட்டை பழுதாக வேண்டும் என்று கேட்டேன்.

அது பழுதானது. மாதா எனக்காகத்தான் செய்தார் என்று நான் இன்றும் நம்பவில்லை, கடற்காற்றுக்கே அது போதும். ஆனால் அதே மாதத்தில்தான், திட்டம் சுருங்குகிறது, வருட முடிவுக்குப் பிறகு தரவு வேலைக்கு ஒருவர் மட்டுமே இருப்பார் என்று இணைப்பாளர் எங்கள் இருவரையும் வைத்துச் சொன்னார். அந்த ஒருவர் ராத்தாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. புதிய அட்டை கொழும்பிலிருந்து வந்த காலையில் ராத்தா வாகனத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தவள் நான். உள்ளே, முந்தியதைவிட ஒடுங்கிய ஓர் அட்டையும் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்தன. இது எக்ஸ்பிரஸ் காட் என்ற புதிய வகை, பழைய அகன்ற துவாரத்தில் செருகக் கூடாது என்று அதில் படமும் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது. நான் அதை மடித்து, என் லாச்சியிலிருந்த பழைய வரவுப் பதிவேட்டுக்குள் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முசலிக் கரையில், கூரை மட்டும் திருத்தியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பதிவு நடந்தது. கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரிகள் இருவர் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். கடைசிக் குடும்பத்தையும் பதிந்து முடித்துவிட்டு ராத்தா அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வேலை செய்த கடைக்கு அந்த வகை வந்திருக்கவில்லை போலும். சின்னதாக இருக்கிறதே என்று தனக்குள் சொன்னவர், என் பக்கம் திரும்பினார்.

“பெட்டிக்குள்ள கடதாசி ஒண்டும் இருந்ததா தங்கச்சி?”

“இல்ல ராத்தா.”

அவர் தலையாட்டினார். பிறகு அட்டையைத் துவாரத்தில் வைத்தார். அது போனது. ஒடுங்கிய அட்டைக்கு அந்தத் துவாரத்தில் தடுப்பேதும் இல்லை, அதைச் செய்தவர்கள் இப்படி ஒன்று வருமென்று நினைத்திருக்கவில்லை. சரிந்து உள்ளே போய், எங்கோ முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பல்லில் மண் கடிபட்டதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வெளியே தள்ளும் பொத்தான் வேலை செய்யவில்லை. சனம் பார்த்துக்கொண்டிருக்க, முக்காட்டு ஊசியைக் கழற்றி அதனால் நெம்பி அட்டையை வெளியே எடுத்தார். துவாரத்தின் உள்ளே, அட்டையோடு இணைய வேண்டிய ஊசிமுனைகள் வரிசையாக மடிந்து கிடந்தன. இனி எந்த அட்டையும் அதில் வேலை செய்யாது. கணினியிலிருந்த பட்டியலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் நகரத்திலிருந்து அனுப்பினோம். ஆனால் இணைப்பாளர் அதை ராத்தாவின் கவனக்குறைவு என்று பிறகு கடிதத்தில் எழுதினார். வருட முடிவில் வேலை எனக்குக் கிடைத்தது.

போகிற நாளில் ராத்தா மடிக்கணினியைத் துடைத்து என் மேசையில் வைத்தார். இந்தக் கறுப்புத் துண்டையும் என் கையில் தந்தார். “ஓட்டை பழுதுதான். எண்டாலும் போட்டு வைங்கோ, மண் போகும்” என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நான் வாங்கி லாச்சிக்குள் போட்டேன்.

போன மாதம் கந்தோரைத் துப்புரவாக்கியபோது வரவுப் பதிவேட்டிலிருந்து அந்தக் கடதாசி விழுந்தது. சனிக்கிழமை பஸ் பிடித்து எருக்கலம்பிட்டிக்குப் போனேன். ராத்தா அங்கே போட்டோப்பிரதிக் கடை வைத்திருக்கிறார், விண்ணப்பங்களும் நிரப்பிக் கொடுக்கிறார். வாசலில் ஆறேழு பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். அதைக் கண்டதும், எதற்கு வந்தேன் என்பதை மறந்து ஒருகணம் பழையபடி வயிறு எரிந்தது. என்னைக் கண்டு உள்ளே கூப்பிட்டுக் கதிரை தந்தார். நான் கடதாசியை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“இத நான் அப்பவே கண்டனான். முசலிக்குப் போய் வந்து ரெண்டாம் நாள், உங்கட லாச்சியில ஸ்டேப்ளர் தேடக்க பதிவேட்டுக்குள்ள இருந்து விழுந்தது, திரும்ப வச்சிட்டன்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஒரு பிரதியை எடுத்து வெளியே நின்றவரிடம் கொடுத்துவிட்டு வந்துதான் பதில் சொன்னார்.

“கோவம் இல்லாம இல்ல. இணைப்பாளரிண்ட கதவுமட்டும் போனனான். அங்க நிண்டு யோசிச்சன். எழும்பிப் போறது எனக்குப் பழகின வேலை. நீங்கள் எங்க போறது, தங்கச்சி?”

திரும்பி வரும் பஸ்ஸில் வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வந்தது, ஆனால் பிந்தித்தான் வந்தது. முந்தி வந்தது பொறாமை. அந்தக் கதவுவரை போயிருந்தால் நான் நிச்சயமாகத் தட்டியிருப்பேன். இத்தனை வருடமாக நான் பறித்தெடுத்ததாக நினைத்திருந்த கதிரையை அவர் தந்துவிட்டுப் போயிருக்கிறார், அதைக்கூட எனக்குச் சொல்லவில்லை.

இன்று காலை லாச்சியைத் திறந்து கடதாசியை அந்தக் கறுப்புத் துண்டுக்கு அடியில் வைத்தேன். அதை என் கையில் தந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது.